கண்ணீரளவு உப்பு

காரக்கோணம் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் சுகிர்தபாய் பதினாறு வருடம் அட்டெண்டராக இருந்தாள். வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைகளுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைத் தயார்செய்வது அவள் வேலை. கலந்ததும் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட வேண்டும். வார்டுச் சுவரில் அப்படி எழுதி ஒட்டியிருந்தது. எத்தனை ஆயிரம் சொட்டுகள் என்று அவளுக்குத் தெரியாது. அந்த அளவு மட்டும் நாக்கில் நின்றுவிட்டது.

கால் நரம்புகள் சுருண்டு வீங்கியதால் 1993இல் வேலையை விட்டாள். கொல்லயிலில் வீடு. கணவர் விஜயதாஸ் அரசு பஸ் டிரைவர். மகள் ஜிஜா பெங்களூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பகல் முழுவதும் வீட்டில் இருந்து அவளுக்குப் பழக்கம் இல்லை. அந்த வருடம் நெய்யாற்றின்கரையில் பெண்கள் சேர்ந்து ஆந்தூரியம் வளர்க்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அங்கிருந்து ஆறு செடிகள் வாங்கிவந்து சமையலறைக்கு வெளியே வைத்தாள்.

ஆந்தூரியத்தின் பூ ரெக்சினை வெட்டி எடுத்ததுபோல இருக்கும். சிவந்த ஒரே மடல், அதன் நடுவில் ஒரு திரி. வாசனை கிடையாது. மாலையில் கோக்க முடியாது, தலையில் வைக்க முடியாது. கல்யாண மேடைக்கும் சர்ச் ஆல்டருக்கும்தான் ஆகும். வெட்டிய பிறகு தண்ணீரில் நிறுத்தினால் இரண்டு வாரம் வாடாது. அந்தக் குணத்துக்காகத்தான் வாங்குகிறவர்கள் வாங்கினார்கள்.

ஆறு செடிகள் மூன்று வருடத்தில் நூற்றி நாற்பது ஆயின. வீட்டின் தெற்குப் பக்கத்தில் கமுகுத் தூண்கள் நட்டுப் பச்சை வலை கட்டினாள். சட்டிகளுக்கு எண் எழுதினாள். வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று ஒரு சார்ட் இருக்கும். அதேபோல ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டாள். சட்டி எண், ஊற்றிய மக், வடிந்த மக். பூவெடுத்த காம்பு ஒவ்வொன்றிலும் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டரைச் சின்னதாக வெட்டிச் சுற்றி, அதில் சட்டியின் எண்ணைப் பேனாவால் எழுதினாள். பக்கத்து வீட்டு விஜயம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

“எடி சுகிர்தம், பிள்ளையளுக்கு வெள்ளம் குடுத்தது போராதுண்ணு இப்ப செடிக்கும் டிரிப் போடுதியா?”

சுகிர்தபாய் சிரிப்பாள். அடுத்த சட்டிக்கு நகர்வாள். அதிகம் பேசுகிறவள் அல்ல.

தெற்குப் பக்கம் ரோட்டைப் பார்த்த இடம். விஜயதாஸின் தம்பி ஈசாக்குக்கு அங்கே வெல்டிங் பட்டறை போட ஆசை. உதியன்குளங்கரையில் வாடகைக்கு இருந்த கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தம்பியிடம் இல்லை என்று சொல்லி விஜயதாஸுக்குப் பழக்கம் இல்லை. சின்ன வயதில் அப்பா இறந்தபின் அவர்தான் அவனை வளர்த்தார். 1996 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு முற்றியது.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவசு காலத்தில் சர்ச்சுகளில் கல்யாணம் நடக்காது. அதனால் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை கல்யாணங்கள் குவியும். அந்தத் திங்களுக்காக நூற்றிருபது பூ தர முடியுமா என்று சங்கம் சுகிர்தபாயிடம் கேட்டிருந்தது. அவள் அதைச் சொன்னாள். ஈசாக் சோற்றில் கைவைத்தபடியே, நூற்றிருபது பூவும் சங்கத்துக்காரர்கள் நல்லது என்று எடுத்துப் போனால் பட்டறைக்கு வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னான். ஒன்று குறைந்தாலும் செவ்வாய்க்கிழமை தூணைப் பிடுங்குவேன் என்றான். விஜயதாஸ் மனைவியைப் பார்த்தார். அவள் சரி என்றாள். அந்த வாரமே ஈசாக் அஸ்திவாரத்துக்கு என்று ஒரு லோடு உடைந்த செங்கலை வலைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டான்.

அந்த வீட்டில் அவள் பெயர் சொல்ல இருந்தது அந்த வலைக்குக் கீழே இருந்தவை மட்டும்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஜனவரிக் கடைசியிலேயே இலைகளின் ஓரம் பழுப்பாகத் தொடங்கியிருந்தது. காகிதத்தைத் தீயில் காட்டி எடுத்ததுபோல ஒரு கோடு. பசி என்று நினைத்தாள். கடலைப் பிண்ணாக்கையும் பச்சைச் சாணத்தையும் வாளியில் கரைத்து ஐந்து நாள் புளிக்கவிட்டு, தெளிவை எடுத்துப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றுவது வழக்கம். வாரத்துக்கு ஒன்று என்று இருந்ததை இரண்டாக்கினாள். இடையில் கடை உரத்தையும் கரைத்துத் தெளித்தாள். பூக்கள் வந்தன. பெரிய பூக்கள். பழுப்புக் கோடும் அகலமானது. அவள் இன்னும் ஊட்டினாள்.

வெட்டுவதற்குப் பன்னிரண்டு நாளுக்கு முன்பு ஊட்டத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. பிறகு வெறும் தண்ணீர். சட்டிக்குள் தங்கியிருக்கும் உரத்தின் உப்பெல்லாம் கழுவிப் போகும்வரை ஊற்ற வேண்டும். கழுவாமல் வெட்டிய பூ ஜாடியில் நான்கு நாளில் ஓரம் கருகும். சங்கத்துச் செயலாளர் சத்யபாமா டீச்சர் இதில் கண்டிப்பு. உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அவரே வீடு வீடாக வந்து, பூவைச் செடியில் பார்த்து, பிறகு வெட்டச் சொல்வார். ஒரு உறுப்பினர் திருவனந்தபுரத்தில் வாங்கிய பூவைத் தன் வீட்டுப் பூ என்று கொடுத்ததிலிருந்து அந்த ஏற்பாடு.

மார்ச் இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை சுகிர்தபாய் ஊட்டத்தை நிறுத்தினாள். அன்று எண்ணியபோது நல்ல பூ நூற்றைம்பத்திரண்டு.

ஒரு சட்டிக்கு ஒரு வாளி தண்ணீர். நூற்றி நாற்பது வாளிகள். ஒருநாள் விட்டு ஒருநாள். கிணற்றில் அடி உறை தெரியத் தொடங்கியிருந்தது. மழை கண்டு இரண்டரை மாதம். காலையில் அரை மணி நேரம் மோட்டார் ஓடினால் காற்றை இழுக்கும். நிறுத்தி, ஊறும்வரை காத்திருந்து, மதியம் கால் மணி நேரம். மீதியைக் கயிறு போட்டுக் கோரினாள். கால் நரம்புகள் மாலையில் கயிறுபோலத் திரண்டு நின்றன. துணியைச் சுற்றிக்கொண்டாள்.

ஊற்றியதும் சட்டியின் அடியில் கையை ஏந்துவாள். வடியும் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைப்பாள். முதல் நாள் பிண்ணாக்கு நாற்றத்தில் குமட்டியது. மூன்றாம் நாள் நாற்றம் போய்விட்டது. உப்பு போகவில்லை. ஐந்தாம் நாளும் போகவில்லை. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறு அன்று சர்ச்சிலிருந்து வந்த கையோடு, கட்டியிருந்த புடவையிலேயே இருபது சட்டிகளைச் சோதித்தாள். இருபதிலும் கண்ணீரைவிட உப்பு. பூக்களை எண்ணினாள். நூற்றி நாற்பத்தேழு. ஐந்தின் மடல் ஓரத்தில் பழுப்புப் புள்ளி விழுந்திருந்தது. இதுவரை இலையில் இருந்தது பூவுக்கு ஏறியிருந்தது.

புதன்கிழமை நூற்றி முப்பத்தெட்டு.

அன்று டியூட்டி முடிந்து வந்த விஜயதாஸ் குளிக்கப் போனார். தொட்டியில் அரை அடி செம்மண் கலங்கல். வெயிலில் எட்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்துவிட்டு வருகிறவனுக்கு உடம்பு நனைக்கத் தண்ணீர் இல்லை, ரெக்சின் பூவுக்கு உண்டு என்று மெல்லிய குரலில் சொன்னார். கத்தியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். விஜயதாஸ் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு கோயில்குளத்துக்குப் போனார்.

அவள் சமையலறைப் பக்கம் போய் நின்றாள். முதலில் வாங்கிய ஆறு சட்டிகள் அங்கேயே இருந்தன. அவற்றின் இலைகள் பச்சையாக இருந்தன. ஓரத்தில் கோடு இல்லை. தினமும் பார்க்கிற இடம் என்பதால் அவள் அதைப் பார்த்ததில்லை. அதே பிண்ணாக்கு, அதே சாணம், அதே தண்ணீர். ஒன்றில் இரண்டு மக் ஊற்றி, வடிந்ததை நாக்கில் வைத்தாள். வெறும் தண்ணீர்.

நோட்டை எடுத்துவந்தாள். அந்த ஆறு சட்டிகளையும் நவம்பரில் மாற்றவில்லை. மற்றவற்றுக்கெல்லாம் நவம்பரில் புதுக் கதம்பை போட்டிருக்கிறாள்.

தேங்காய் மட்டையின் நார்ப்பகுதியை அங்கே கதம்பை என்பார்கள். அதைத் துண்டாக்கி, செங்கல்லோடும் கரியோடும் கலந்து சட்டியில் போட்டால்தான் ஆந்தூரியம் வேர்பிடிக்கும். பச்சைக் கதம்பையில் கறை இருக்கும். அது வேரைச் சுடும். இரண்டு வாரம் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்துக் கறையை எடுக்க வேண்டும். நூற்றி முப்பத்துநான்கு சட்டிக்கு வேண்டிய கதம்பையை எங்கே எதில் ஊறவைப்பது என்று அவள் நவம்பரில் தவித்துக்கொண்டிருந்தபோது, விஜயதாஸ் ஒருநாள் டெம்போவில் பதினெட்டுச் சாக்கு கொண்டுவந்து இறக்கினார். கறுத்து, மெத்தென்று, கறை முழுவதும் போன கதம்பை. பூவாறு பக்கம் ஓடும்போது அறிமுகமான கயிற்றுக்காரர் ஒருவரிடம் சொல்லி வாங்கியிருந்தார். ஆறு மாதம் ஊறினதாக்கும், இனி நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். சாக்குகளை அவரே தோளில் தூக்கிவந்து அடுக்கினார். செடி விஷயத்தில் அவர் செய்த ஒரே காரியம் அது. அன்று இருவரும் சேர்ந்து காப்பி குடித்தார்கள்.

சுகிர்தபாய் ஒரு சட்டியிலிருந்து ஒரு துண்டுக் கதம்பையை உருவி எடுத்து, தம்ளர் தண்ணீரில் போட்டு மூடிவைத்தாள். வியாழக்கிழமை காலை அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள். கயிறு திரிக்கிறவர்கள் கதம்பையை ஊறப்போடுவது காயலில். பூவாற்றில் காயல் கடலோடு கலந்து கிடக்கிறது. ஆறு மாதம் ஊறியது அந்தத் தண்ணீரில்.

எத்தனை வாளி ஊற்றினாலும் கதம்பை விட்டுக்கொண்டே இருக்கும். கிணறு வற்றும், உப்பு வற்றாது. நாற்பத்தொன்றாம் சட்டியைக் கவிழ்த்துத் தட்டிச் செடியை வெளியே எடுத்தாள். வேர் நுனிகள் டீத்தூள் நிறத்தில் இருந்தன. இரண்டு விரலால் இழுத்தால் தோல் கழன்று வந்தது. பூவுக்கு மேலே மேலே உப்பைத்தான் இந்த வேர் ஏற்றிக்கொண்டிருந்தது. அன்று எண்ணிக்கை நூற்றி முப்பத்துமூன்று. சனிக்கிழமைவரை செடியில் விட்டால் நூற்றிருபதுக்குக் கீழே போகும். இன்றோ நாளையோ வெட்டித் தண்ணீரில் நிறுத்தினால், இருக்கிற பூவாவது நிற்கும். செடிகளையும் கதம்பையிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் டீச்சர் வரும்போது செடியில் ஒரு பூகூட இருக்காது.

உதியன்குளங்கரைக்கு நடந்துபோய் டெலிபோன் பூத்திலிருந்து டீச்சர் வீட்டுக்கு மூன்று முறை போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது விஜயம்மாவின் வீட்டுக்குள் போனாள். விஜயம்மாவின் கிணறு வயலோரம், பள்ளத்தில் இருந்தது. எந்தக் கோடையிலும் அதில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். பக்கத்திலேயே துணி துவைக்கும் கல்லும் சிமெண்டுத் தொட்டியும். அவ்வளவு தண்ணீரை மேலே கொண்டுபோக முடியாது. செடிகளைக் கீழே கொண்டுவரலாம் என்பது வரும் வழியில்தான் தோன்றியது. கேட்டாள்.

“நாளைக்கா?” என்றாள் விஜயம்மா. “நாளைக்கி ஒங்களுக்குப் பெரியவெள்ளியில்லியா?”

“ஆமா.”

“கோயிலுக்குப் போவாம இஞ்ச வந்து செடி அலசப் போறியா? ஒனக்க மாப்பிள அறிஞ்சா?”

“அறியட்டும் அக்கா.”

விஜயம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தொட்டியைத் தேய்த்து நிறைத்து வைப்பதாகச் சொன்னாள்.

பெரிய வெள்ளிக்கிழமை யாரும் மண்ணைக் கொத்தமாட்டார்கள், இரும்பை எடுக்கமாட்டார்கள். பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை சர்ச்சில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம். விடியும்போது சுகிர்தபாய் கத்தியை எடுத்தாள். நூற்றி இருபத்தொன்பது பூக்கள். ஒவ்வொரு காம்பையும் சரிவாக வெட்டினாள். செடியில் இரண்டு விரல் அளவுக்கு அடிக்காம்பைக் குற்றியாக விட்டாள். காம்பில் எண் ஏற்கெனவே இருந்தது. இப்போது செடியின் கழுத்திலும் அதே எண்ணைப் பிளாஸ்டரில் எழுதிச் சுற்றினாள். சட்டியைவிட்டு எடுத்த பிறகு எது எந்தச் செடி என்று தெரியாது. வார்டில் குழந்தையின் மணிக்கட்டில் எண்ணைக் கட்டாமல் கட்டிலிலிருந்து தூக்கமாட்டார்கள்.

பூக்கள் எட்டு வாளிகளில் உள் அறை இருட்டில் நின்றன. விஜயதாஸ் எழுந்து, வெள்ளை வேட்டி கட்டி, பைபிளை எடுத்துக்கொண்டு வந்தார். நீ வரவில்லையா என்று கேட்டார். பின்னால் வருவதாகச் சொன்னாள். பொய் சொன்ன வாயை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். அவர் வலைப் பக்கம் பார்க்காமல் போனார்.

பிறகு கூடை கூடையாகச் செடிகளை இறக்கினாள். விஜயம்மா தொட்டியோரம் உட்கார்ந்து வேர்களை அலசினாள். கறுப்புக் கதம்பையைப் பிய்த்து ஒதுக்கினாள். கருகிய வேரைக் கத்திரித்தாள். இரண்டு தொட்டித் தண்ணீர் மாறியது. செடியை மறுபடி வைக்க வேறு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. வலைக்குப் பக்கத்தில் மூன்று மாதமாகக் கிடக்கும் ஈசாக்கின் செங்கல். சிமெண்டு படாத, உடைந்த சுத்தச் செங்கல். சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது என்று சாக்கை விரித்து, அதற்குள் வைத்துத் தட்டினாள். தூரத்தில் சர்ச் ஒலிபெருக்கியில் பாட்டு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வார்த்தை முடிந்து பாட்டு தொடங்கும்போதும் அவள் எத்தனை செடி ஆகியிருக்கிறது என்று எண்ணினாள். நான்காம் வார்த்தைக்கு அறுபத்தெட்டு.

“நீ நரகத்துக்குத்தான் போவ,” என்றாள் விஜயம்மா. “எனக்குக் கொழப்பமில்ல. நான் வேற லைன்.”

மூன்றரை மணிக்கு விஜயதாஸ் வந்தார். வீட்டில் ஆளைக் காணாமல், திறந்து கிடந்த வலையைப் பார்த்து, பள்ளத்துக்கு இறங்கி வந்தார். வெறும் வேரோடு நாற்பது செடிகள் ஈரச்சாக்கின் கீழே கிடந்தன. கறுப்புக் கதம்பை ஒரு குவியலாக இருந்தது. சுகிர்தபாயின் கை முழங்கைவரை சிவப்பு.

“இண்ணைக்கா?” என்றார். “கோயில்ல ஒவ்வொருத்தனும் கேக்கான், வீட்டுக்காரி எங்கேண்ணு. தீனமாக்கும்ணு சொன்னேன்.”

அவள் எழுந்தாள். வியாழக்கிழமைத் தம்ளரை அவள் கூடவே கொண்டுவந்திருந்தாள். கதம்பைத் துண்டு அதிலேயே கிடந்தது. அவரிடம் நீட்டினாள்.

“ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க.”

“என்ன வெள்ளம் இது?”

“பாருங்க.”

பார்த்தார். முகம் சுருங்கியது. துப்ப இடம் தேடி வயல் பக்கம் திரும்பித் துப்பினார். திரும்பியவர் தம்ளருக்குள் கிடந்த துண்டைப் பார்த்தார். பிறகு குவியலை. அந்தக் கறுப்பு அவருக்குத் தெரியும். காயல் கரையில் நின்று அதைச் சாக்கில் கட்டியது அவர்தான். விஜயம்மா வேரை அலசுவதை நிறுத்தியிருந்தாள்.

சுகிர்தபாய் வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். தம்ளரைத் துவைகல்லின் மேல் வைத்துவிட்டு, மேட்டில் ஏறிப் போனார். அன்று இரவு அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சத்யபாமா டீச்சரின் கார் வந்தது. அதற்கு முன்பே ஈசாக் வந்திருந்தான். கையில் அளவு டேப். செங்கல் குவியலின் முன் நின்றான். குவியல் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

“மைனி,” என்றான். “செங்கல்லு வெயிலுக்கு உருகிப்போச்சா?”

அவள் பதில் சொல்லுமுன் டீச்சர் வலைக்குள் நுழைந்துவிட்டார். உள்ளே நூற்றி முப்பத்துநான்கு சட்டிகள், ஒன்றிலும் பூ இல்லை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

“பூவு எங்க?”

உள் அறையிலிருந்து எட்டு வாளிகளையும் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். கதம்பை, காயல், போன் எடுக்காதது எல்லாவற்றையும் நான்கு வாக்கியத்தில் சொன்னாள். டீச்சர் கேட்டார். பூக்களைப் பார்த்தார். நல்ல பூக்கள் என்பது அவருக்குத் தெரிந்தது.

“செடியில நிக்குத பூவத்தான் நான் எடுக்க முடியும் சுகிர்தபாயி. இது ரூலாக்கும். நான் எழுதின ரூலு. ஒனக்கு மாத்தினா நாளைக்கி எல்லாரும் வாளியக் கொண்டு வைப்பாங்க.”

“அதில நம்பர் உண்டு டீச்சரே. செடியிலயும் உண்டு. வெட்டின எடம் ரெண்டும் சேருதாண்ணு பாருங்க.”

டீச்சர் குனிந்து ஒரு பூவை எடுத்தார். எழுபத்துமூன்று. சுகிர்தபாய் எழுபத்துமூன்றாம் சட்டியைத் தூக்கிவந்தாள். டீச்சர் காம்பின் சரிவைச் செடியின் குற்றிமேல் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. அடுத்தது பதினெட்டு. பொருந்தியது. நூற்றொன்று. ஒன்பது. அறுபத்தாறு. ஈசாக் டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. விஜயதாஸ் படியில் நின்றார்.

ஆறாவது பூ நூற்றிப் பன்னிரண்டு. காம்பு தடிமனாக இருந்தது. குற்றி மெலிந்திருந்தது. டீச்சர் திருப்பித் திருப்பி வைத்தார். சேரவில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

சுகிர்தபாய் சட்டியையும் பூவையும் பார்த்தாள். விடியற்காலை வெளிச்சத்தில் ஒரு பிளாஸ்டர் மாறியிருக்கலாம். அலசும்போது கழன்று, விஜயம்மா வேறொன்றில் ஒட்டியிருக்கலாம். இரண்டில் எதைச் சொன்னாலும் நம்பும்படி இருக்கும்.

“இது எதுக்க பூவுண்ணு எனக்குத் தெரியல்ல டீச்சரே,” என்றாள். “மாத்தி வைங்க.”

டீச்சர் அந்தப் பூவைத் தனியே வைத்தார். இன்னும் நான்கு எடுத்தார். நான்கும் பொருந்தின. கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, ஒரு கூடையை இழுத்துப்போட்டு எண்ணத் தொடங்கினார். ஓரத்தில் புள்ளி உள்ளதை, திரி முக்கால் பங்கு நிறம் மாறாததை இடது பக்கம் போட்டார். இடது பக்கம் பதினைந்து சேர்ந்தது. கூடையில் நூற்றிப் பதின்மூன்று.

மிச்சத்தை வேறு வீட்டில் எடுத்துக்கொள்வதாக டீச்சர் சொன்னார். செடிகளின் புதுக் குருத்தைத் தொட்டுப் பார்த்து, ஓணத்துக்கு எத்தனை தர முடியும் என்று கேட்டார். சுகிர்தபாய் ஈசாக்கின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் கிளம்பும்வரை அவன் மரியாதையாக நின்றான்.

“நூத்தி இருவதுண்ணுதான் பேச்சு,” என்றான் பிறகு. அண்ணனைப் பார்த்துச் சொன்னான். “மைனியும் சம்மதிச்சதுதான். எனக்க செங்கல்லும் போச்சு. செவ்வாக்கெழம ஆளு வரும்.”

விஜயதாஸ் படியிலிருந்து இறங்கினார். வலைக்குள் போய்த் தூண் ஒன்றில் கைவைத்தார். பிடுங்கிப் பார்க்கிறாரோ என்று சுகிர்தபாய்க்குத் தோன்றியது.

“கதம்ப கொண்டு வந்தது நானாக்கும்,” என்றார்.

ஈசாக்குக்குப் புரியவில்லை.

“காயல் கதம்ப. உப்பு. நான் கொண்டு போட்டது. ஏழு பூவு கொறஞ்சது எனக்கக் கணக்குல எழுது. அவளுக்கதுல எழுதாத.”

“அண்ணா, பேச்சு பேச்சுதான?”

“பேசினது அவ பூவப் பத்தி. எனக்க கதம்பயப் பத்தி பேசல்ல.” வெளியே செங்கல் குவியலைப் பார்த்தார். “ஓணம் வரட்டும். அதுவர ஒனக்கு ரோட்டுல பந்தல் போட்டுத் தாறேன். செங்கல்லும் எறக்கித் தாறேன். தூணத் தொடாத.”

அண்ணன் தன்னிடம் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்பது ஈசாக்குக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. டேப்பைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டான். மதிலுக்கு அந்தப் பக்கம் விஜயம்மா வாளியைக் காரணமில்லாமல் இடம் மாற்றி வைத்தாள். ஈசாக் சாப்பிடாமல் போனான். அவனுக்கு எடுத்து வைத்த மீன்குழம்பை மதியம் யாரும் தொடவில்லை.

ஓணம் ஆகஸ்டில். ஐந்து மாதம் இல்லை. வேர் கத்திரித்த செடி மறுபடி பூவெடுக்க அவ்வளவு நாள் போதுமா என்று சுகிர்தபாய் கணக்குப் போட்டாள். போதும், போதாது என்று இரண்டு விதமாகவும் வந்தது.

ஞாயிறு விடியற்காலை ஆராதனைக்கு இருவரும் போனார்கள். அவள் நகக்கண்களில் செங்கல் நிறம் போகாமல் இருந்தது. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். தேவலை என்றாள்.

திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றாமல் வலைக்குள் போனாள். நாற்பத்தொன்றாம் சட்டியில் இரண்டு மக் ஊற்றினாள். அடியில் கையை ஏந்தினாள். உள்ளங்கையில் தண்ணீர் சிவப்பாகத் தேங்கியது. நாக்கில் வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு நோட்டை எடுத்து, அன்றைய தேதி போட்டு எழுதினாள்.

சட்டி 41. உள்ளே இரண்டு. வெளியே ஒன்றரை. செங்கல் ருசி. உப்பு இல்லை.